பேர் ஒன்று, தளம் இரண்டு: கூகுள் யாரைக் காட்டும்?

கோவையில் மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் செய்து விற்கும் ஒருவரின் வெப்சைட்டைச் சில ஆண்டுகளாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒருநாள் காலை ஒன்பது மணிகூட ஆகவில்லை, போன் வந்துவிட்டது. "ஏனுங் தம்பி, கூகுள்ல நம்ம பேரைப் போட்டா வேற யாரோ வர்றாங்க. நம்முளுது எங்கியோ அடியில கெடக்குது. அவன் காசு கீசு குடுத்து நம்மளக் கீழ தள்ளிட்டானுங்களா?"

போட்டுப் பார்த்தேன். முதலில் வந்தது வேறொரு மாநிலத்தில் சோலார் பேனல் விற்கும் நிறுவனம். இரண்டுக்கும் அம்மன் பெயர்தான். ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் எழுத்து மட்டும் வித்தியாசம். அவர்கள் இவரைத் தள்ளவில்லை. இப்படி ஒருவர் கோவையில் இருப்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. நிறைய விளம்பரம் செய்தார்கள், ஊர் ஊராக டீலர் போட்டார்கள், ஜனங்கள் அந்தப் பெயரைத் தேட ஆரம்பித்தார்கள். நடந்தது அவ்வளவுதான். ஆனால் அந்த "அவ்வளவுதான்" இவருக்கு வாரத்துக்கு நாலைந்து விசாரணையைத் தின்றுவிட்டது.

இந்த மாதிரிப் புகார் வரும்போதெல்லாம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கீழே போனது எந்தத் தேடலில்? உங்கள் பெயரைப் போட்டுத் தேடும்போதா, நீங்கள் விற்கும் பொருளைப் போட்டுத் தேடும்போதா? "பம்ப் இம்பெல்லர் கோயம்புத்தூர்" என்று தேடுகிறவரிடம் சோலார் கம்பெனியின் பெயருக்கு எந்த வேலையும் இல்லை. பார்த்தால், அந்தத் தேடலில் எங்கள் தளம் பழைய இடத்தில்தான் நின்றது. சரிந்தது பெயர்த் தேடலில் மட்டும். பெயரை ஒத்த இன்னொரு தளம் உங்களைத் தொடக்கூடிய இடம் பெரும்பாலும் இதுதான். இதைப் பிரித்துப் பார்க்காமல் மொத்தமாக "ரேங்க் போச்சு" என்று பதறுவதால்தான் தேவையில்லாத இடத்தில் பணம் கரைகிறது.

தேடல்களை மூன்று வகையாகப் பிரித்து 2002-இல் ஆண்ட்ரே பிரோடர் என்ற கணினி அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். தகவலுக்காகத் தேடுவது ஒன்று, ஏதாவது ஒரு காரியத்தை முடிக்கத் தேடுவது ஒன்று, குறிப்பிட்ட ஒரு தளத்துக்குப் போவதற்காகவே தேடுவது ஒன்று. மூன்றாவது வகையை வழி கேட்பது என்று வைத்துக்கொள்ளலாம். வங்கியின் முகவரியை நேராக அடிக்காமல் வங்கியின் பெயரை கூகுளில் போட்டு முதல் லிங்க்கைத் தொடுகிறோமே, அது.

வழி கேட்பவருக்குச் சரியான விடை ஒன்றுதான் இருக்க முடியும். தி.நகரில் ஆட்டோவில் ஏறி "சரவணா போங்க" என்றால் ஓட்டுநர் நம் கையைப் பார்ப்பார், நேரத்தைப் பார்ப்பார். துணிக்கடையா, சாப்பாடா என்று ஓர் ஊகம் வைத்துக்கொண்டு வண்டியை எடுப்பார், அல்லது திரும்பிக் கேட்பார். யார் முதலில் கடை திறந்தார்கள், யார் முதலில் பெயரைப் பதிவு செய்தார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லை. இந்த நேரத்தில் இந்த இடத்தில் இப்படிச் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் எங்கே போவார்கள் என்பதுதான் அவர் கணக்கு. தேடுபொறியின் கணக்கும் இதே ஜாதிதான். உங்கள் பெயர் உங்களுடையது என்பது சட்டப்படி உண்மையாக இருக்கலாம். தேடுபொறிக்கு அது ஒரு சொல். அந்தச் சொல்லை அடிப்பவர்கள் யாரைத் தேடுகிறார்கள் என்பதை மட்டும்தான் அது பார்க்கிறது.

அந்த ஊகத்தை அது எங்கிருந்து பெறுகிறது? பெயரைத் தாங்கிய பக்கங்கள், அவற்றுக்கு வெளியிலிருந்து வரும் லிங்க்குகள் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த பழைய சமாச்சாரம். கிளிக் கணக்கை எவ்வளவு தூரம் பயன்படுத்துகிறார்கள் என்பது பல காலம் மூடுமந்திரமாகவே இருந்தது. அமெரிக்க அரசு கூகுள் மீது போட்ட ஏகபோக வழக்கில், 2023 அக்டோபரில் அந்நிறுவனத்தின் தேடல் பிரிவுத் துணைத் தலைவர் பாண்டு நாயக் சாட்சிக் கூண்டில் ஏறியபோது விஷயம் வெளியே வந்தது. நேவ்பூஸ்ட் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. எந்தத் தேடலுக்கு மக்கள் எதைத் தொட்டார்கள் என்ற கடந்த 13 மாதத் தரவு அதில் வைத்திருக்கப்படுகிறது. இதை எங்கள் அம்மன் பெயருக்குப் பொருத்திப் பாருங்கள். நாடு முழுக்க அந்தப் பெயரை அடித்தவர்கள் சோலார் தளத்தைத் தொட்டுத் தொட்டு ஒரு வழித்தடத்தையே போட்டுவிட்டார்கள். வயல்வெளியில் ஒற்றையடிப் பாதை உண்டாவதைப் போலத்தான், யாரும் திட்டமிடுவதில்லை.

இன்னொரு பக்கம், கூகுள் 2012 மே மாதத்தில் நாலெட்ஜ் கிராஃப் என்பதைக் கொண்டுவந்தது. அப்போது தேடல் பிரிவின் பொறுப்பில் இருந்த அமித் சிங்கால் அதை அறிவித்தார். சொற்களை வெறும் எழுத்துச் சரங்களாகப் பார்க்காமல், அந்தச் சொல் சுட்டும் ஆள், ஊர், நிறுவனம் ஆகியவற்றைத் தனித்தனி உருப்படிகளாகத் தெரிந்துகொள்வது அதன் நோக்கம். தொடக்கத்தில் 50 கோடி உருப்படிகள் இருப்பதாகச் சொன்னார்கள். இது வந்த பிறகு ஒத்த பெயர்க் குழப்பம் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? பெரியவர்களுக்குக் குறைந்தது. ஒரு பெயருக்கு ஓர் உருப்படி பதிவாகி, வலப்பக்கம் பெட்டி போட்டு, லோகோ, தலைமையகம், நிறுவனர் என்று விவரம் வந்துவிட்டால், அந்தப் பெயரை வைத்திருக்கும் மற்ற சிறியவர்கள் அனைவரும் அந்தப் பெட்டியின் நிழலில்தான் நிற்க வேண்டும். பெட்டி இல்லாதவர் தனி ஆளாகவே கணக்கில் வருவதில்லை.

இதில் தமிழர்களுக்கென்று தனியாக ஒரு சங்கடம் இருக்கிறது. நாம் கடைக்கு வைக்கும் பெயர்களில் பாதி சாமி பெயர், மீதி தாத்தா பெயர். அதை ஆங்கில எழுத்தில் எழுத ஒரே முறை கிடையாது. லட்சுமியின் நடுவில் கே, எஸ், ஹெச் போடுவாரும் உண்டு, ஒரே எக்ஸில் முடிப்பாரும் உண்டு. செந்திலுக்கு டி-ஹெச் போடுகிறவர், டி-க்குப் பின் ஹெச் இல்லாமல் விடுகிறவர் இருவரும் ஒரே தெருவில் கடை வைத்திருப்பார்கள். 'ழ' வந்தால் கேட்கவே வேண்டாம். எழுதுகிறவர்களுக்கு இவை வேறு வேறு பெயர். இணையப் பெயர்களைப் பதிபவருக்கு வேறு வேறு டொமைன், அதாவது இணைய முகவரி. தேடுபொறிக்கோ எல்லாம் ஒரே பெயரின் எழுத்துப் பிழைகள்.

எழுத்துப் பிழையைத் திருத்துவதில் கூகுளுக்கு நெடுநாள் பெருமை. பிரிட்னி ஸ்பியர்ஸ் என்ற பாடகியின் பெயரை மக்கள் எத்தனை நூறு விதமாகத் தப்பாக அடித்தார்கள் என்று ஒரு காலத்தில் அவர்களே பட்டியல் போட்டுக் காட்டினார்கள். பாடகிக்கு அது நல்லது. ஆனால் உங்கள் கடையின் பெயரே இன்னொரு பிரபல நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை மாதிரித் தெரிந்தால்? தேடுபவர் சரியாகத்தான் அடிக்கிறார். மேலே சின்ன எழுத்தில் "இதற்கான முடிவுகள்" என்று வேறொரு பெயரைப் போட்டு, அந்த நிறுவனத்தின் பக்கங்களைக் கொட்டுகிறது. "நான் அடித்ததையே தேடு" என்பதற்கு அடியில் ஒரு லிங்க் இருக்கும். அதை எத்தனை பேர் பார்க்கிறார்கள்? எங்கள் பம்ப் விஷயத்தில் சிக்கலின் முக்கால்வாசி இங்கேதான். இது ரேங்க்கே அல்ல. பந்தயம் தொடங்கும் முன்பே தேடலையே மாற்றிவிடுகிறார்கள். குரல் வழித் தேடலில் இது இன்னும் மோசம். எழுத்து வித்தியாசம் காதில் விழாதே.

கூகுளின் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் இது எப்படித் தெரியும் என்று காட்டுகிறேன், ஏனென்றால் பலரும் இதைத் தப்பாகப் படிக்கிறார்கள். எந்தத் தேடலில் உங்கள் பக்கம் எத்தனை தடவை கண்ணில் பட்டது, எத்தனை தடவை தொடப்பட்டது, சராசரியாக எத்தனையாவது இடம் என்று அதில் வரும். பம்ப் அண்ணாவின் கணக்கைத் திறந்து பெயர் உள்ள தேடல்களை மட்டும் வடிகட்டினேன். வெறும் பெயருக்கு, முந்தைய ஆண்டைவிடப் பார்வைகள் பல மடங்கு ஏறியிருந்தன. தொட்டவர்கள் எண்ணிக்கையில் அந்த ஏற்றம் இல்லை. சராசரி இடம் தலைகீழாக இறங்கியிருந்தது. கீழே உருட்டினால், பெயரோடு "பம்ப்" அல்லது "கோவை" சேர்ந்த தேடல்கள்: பார்வை கொஞ்சம்தான், ஆனால் பாதிப் பேருக்கு மேல் தொட்டிருக்கிறார்கள், இடம் ஒன்று அல்லது இரண்டு.

இதைப் படிக்கும் முறை இது: வெறும் பெயரில் கூடிய கூட்டம் நம் கூட்டமல்ல. சோலார் வாங்க வந்தவர்கள் நம் வாசல் வழியாகப் போகிறார்கள். நாமும் பட்டியலின் அடியில் எங்கோ தெரிகிறோம், ஆகவே பார்வை எண்ணிக்கை ஏறுகிறது, சராசரி இறங்குகிறது. இறங்கியதில் பெரும்பகுதி கணக்கு மாயம். உண்மையான இழப்பு வேறு இடத்தில்: ஊரையும் தொழிலையும் சேர்க்காமல் வெறும் பெயரை அடிக்கும் நம் பழைய வாடிக்கையாளர்கள். விசிட்டிங் கார்டைத் தொலைத்துவிட்டு நினைவிலிருந்து பெயரை அடிப்பவர்கள். எண்ணிக்கையில் இவர்கள் சொற்பம், வியாபாரத்தில் அப்படியில்லை. திரும்ப வாங்க வருபவர்கள் இவர்கள்தானே.

பெயர்க் குழப்பம் கூகுளோடு பிறந்ததில்லை. மக்கள் முகவரியை நேராக அடித்துக்கொண்டிருந்த காலத்து வழக்கு ஒன்று உண்டு. இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பெரிஸ்பர்க் என்ற ஊரில் யுனிவர்சல் ட்யூப் அண்ட் ரோல்ஃபார்ம் எக்விப்மென்ட் என்று ஒரு நிறுவனம். குழாய் செய்யும் பழைய இயந்திரங்களை வாங்கி விற்பது தொழில். 1996-இலேயே தன் பெயரைச் சுருக்கி, யுனிவர்சலின் 'யு' எழுத்தோடு 'ட்யூப்' சேர்த்து ஒரு டொமைனைப் பதிவு செய்துகொண்டது. ஒன்பது ஆண்டு கழித்து, 2005-இல், 'நீ' என்று பொருள் வரும் மூன்றெழுத்து 'யூ'வைப் போட்டு இன்னொரு தளம் வந்தது. அது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. தமிழில் எழுதினால் இரண்டும் யூட்யூப்தான். வாயால் சொன்னாலும் அதேதான். தொல்லையே அதுதான்.

வீடியோ பார்க்க வந்தவர்கள் குழாய் இயந்திரக் கடைக்குள் நுழைந்தார்கள். 2006 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் 6.8 கோடி தடவை தளம் தட்டப்பட்டதாக நிறுவனம் சொன்னது. சர்வர் படுத்துவிட்டது. உண்மையில் இயந்திரம் வாங்க வந்தவருக்குத் தளம் திறக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் கூகுள் 165 கோடி டாலருக்கு யூடியூபை வாங்குவதாக அறிவிக்க, அடுத்த சில வாரங்களில் குழாய்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2007-இல் ஒஹையோ நீதிமன்றம் சில கோரிக்கைகளைத் தள்ளியது, சிலவற்றைத் தொடர அனுமதித்தது. தள்ளப்பட்ட ஒன்று ருசியானது: எங்கள் உடைமைக்குள் அத்துமீறிப் புகுந்துவிட்டார்கள் என்ற வாதம். சர்வர் உங்களுடையது அல்ல, வாடகைக்குக் கொடுத்த இன்னொருவருடையது. டொமைன் பெயரோ தொட்டுப் பார்க்கும் பொருளே அல்ல, அதற்குள் எப்படி அத்துமீறுவது என்றது நீதிமன்றம். கடைசியில் குழாய்க் கடை தன் பெயருக்குப் பின்னால் 'ஆன்லைன்' சேர்த்து வேறு முகவரிக்குக் குடிபெயர்ந்தது.

கவனித்தால், அங்கே முந்தி வந்தவர் குழாய்க்காரர். தப்பும் அவர் பக்கம் இல்லை. எதிராளிக்கும் கெட்ட எண்ணம் இல்லை. நிசான் விவகாரமும் பாதி இப்படித்தான். வட கரோலினாவில் கணினிக் கடை வைத்திருந்த ஊசி நிசான், தன் குடும்பப் பெயரில் 1994-இல் டொமைன் வாங்கினார். கார் நிறுவனம் 1999 கடைசியில் அவர் மேல் வழக்குப் போட்டது. பல ஆண்டு இழுத்தடித்த பிறகும் டொமைன் அவரிடமே இருந்தது. 2020-இல் இறக்கும்வரை விடவில்லை. ஆனால் வழக்கில் ஒரு விஷயம் அவருக்கு எதிராகவே முடிந்தது. தன் தளத்தில் கார் சம்பந்தமான விளம்பரங்களை ஓடவிட்டிருந்தார். உன் பெயரை நீ வைத்துக்கொள், ஆனால் வழிதவறி வருகிறவர்களை வைத்துக் காசு பார்க்காதே என்பதுதான் நீதிமன்றம் போட்ட கோடு. இந்த வகைச் சண்டைகளில் இன்றும் அந்தக் கோடு பொருந்துகிறது என்றே நினைக்கிறேன்.

வேண்டுமென்றே செய்கிறவர்களும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே, தன் பெயரின் துணுக்குகளைச் சேர்த்து 'சிஃபி' என்று ஒரு சொல்லை உருவாக்கி, 1999-இல் அதில் பல டொமைன்களைப் பதிவு செய்தது. 2001-இலிருந்து இன்னொரு நிறுவனம் நடுவில் ஓர் 'எஃப்' கூடுதலாகப் போட்டு 'சிஃபிநெட்' நடத்தியது. வழக்கு பெங்களூரு சிவில் நீதிமன்றத்தில் தொடங்கி, கர்நாடக உயர் நீதிமன்றத்தில் தலைகீழாகி, 2004 மே 6-இல் உச்ச நீதிமன்றத்தில் மறுபடி நிமிர்ந்தது. எங்கள் ஐந்து பங்காளிகளின் முதலெழுத்தைக் கோத்தோம், தற்செயலாக இப்படி வந்தது என்று எதிர்த்தரப்பு சொன்னது. நீதிமன்றம் நம்பவில்லை. டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்குள்ள பாதுகாப்பு உண்டு என்று இந்தியாவில் உறுதியானது இந்தத் தீர்ப்பில்தான். அதில் சொல்லப்பட்ட ஒரு காரணம் இங்கே முக்கியம். தவறுதலாக ஒத்த பெயர்த் தளத்துக்குப் போன ஒருவர், தேடியது அங்கே இல்லையென்றால், முதல் நிறுவனம்தான் பொய் சொல்லிவிட்டது என்று முடிவுகட்டி ஒரேயடியாக விலகிவிடுவார். வழிதவறியது அவருக்கே தெரியாது.

வரைபடத் தேடலில் இதை இன்று நேரிலேயே பார்க்கலாம். பக்கத்து ஊரில் அதே பெயரில் இருக்கும் சாப்பாட்டுக் கடையின் உப்புப் பெறாத சாம்பாருக்கு உங்களுக்கு ஒற்றை நட்சத்திரம் விழும். எழுதியவர் நேர்மையாகத்தான் எழுதியிருக்கிறார், தொட்ட இடம்தான் தவறு. உள்ளூர் முடிவுகளை வரிசைப்படுத்த பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றைப் பார்ப்பதாக கூகுளே சொல்கிறது. தூரம் என்ற ஒன்று இருப்பதால் சாதாரண முடிவுகளைவிட இங்கே சிறிய கடைக்குத் தப்பிக்க வழி அதிகம். அதேசமயம் முகவரியோ போன் எண்ணோ இரண்டு கடைக்கும் இடையே ஒருமுறை கலந்துவிட்டால், பிரித்தெடுப்பது பெரும்பாடு. 2024 ஆகஸ்டிலிருந்து இந்தியாவிலும் முடிவுகளுக்கு மேலே ஏஐ எழுதும் சுருக்கம் வருகிறது. இரண்டு கம்பெனியின் விவரத்தை ஒரே பத்தியில் பிசைந்து கொடுக்கும் அபாயம் அதில் இருக்கிறது. அங்கே தொட்டுத் திருத்த ஒரு பட்டியல்கூட இல்லை.

சட்டம் எங்கே உதவும்? டொமைன் விஷயத்தில் 1999-இலிருந்து ஒரு சர்வதேச நடைமுறை இருக்கிறது. பெயர் குழப்பும் அளவுக்கு ஒத்திருக்க வேண்டும், எதிராளிக்கு அதில் நியாயமான உரிமை இருக்கக் கூடாது, கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்து பயன்படுத்தியிருக்க வேண்டும். மூன்றையும் நிரூபித்தால் டொமைனைப் பிடுங்கித் தருவார்கள். உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஒரு நடுவர் பார்க்கக் கட்டணம் 1,500 டாலர். டாட் இன் பெயர்களுக்கு இந்தியாவுக்கென்றே தனி நடைமுறை உண்டு. மூன்றில் எது சறுக்கும் என்பது தெரிந்ததுதான்: கெட்ட எண்ணம். அம்மன் பெயரை வைத்த சோலார்காரரிடம் அதை எங்கே போய்த் தேடுவது?

விளம்பரம் தனிக் கதை. உங்கள் பெயரை யாராவது அடித்தால் தன் விளம்பரம் மேலே வரவேண்டும் என்று போட்டியாளர் காசு கட்டலாமா? 'தமிழ் மேட்ரிமோனி' மாதிரிப் பெயர்களில் திருமணத் தளங்களை நடத்திவந்த சென்னையின் கான்சிம் நிறுவனம் இதற்காக கூகுளையும் போட்டியாளர்களையும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இழுத்தது. 2010-இல் தனி நீதிபதி கேட்ட தடையைத் தரவில்லை. மொழியின் பெயரும் 'மேட்ரிமோனி'யும் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும் பொதுச் சொற்கள் என்பது அங்கே பெரிய இடைஞ்சலாக இருந்தது. பெயரிலேயே தொழிலைச் சொல்லிவிட்டால் தேடலில் கிடைக்கும் லாபம் சட்டத்தில் பலவீனமாகத் திரும்புகிறது. அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் என்ற பெயருக்கு உரிமையாளரான டிஆர்எஸ் லாஜிஸ்டிக்ஸ் போட்ட வழக்கில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு 2023 ஆகஸ்டில் கொஞ்சம் நுணுக்கமாகப் பிரித்தது. விளம்பரத்தை வரவழைக்கும் தேடல் சொல்லாக, அதாவது கீவேர்டாகப் போடுவதும் வணிகப் பெயரைப் பயன்படுத்துவதுதான். ஆனால் குழப்பமோ ஏமாற்றோ இல்லாதவரை அது மட்டுமே உரிமை மீறல் ஆகாது. அப்படி மீறல் நடந்தால், நான் வெறும் இடைத்தரகர் என்று கூகுள் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது.

டொமைன் பெயருக்குள் தேடல் சொல்லைத் திணித்தால் மேலே வரலாம் என்ற நம்பிக்கை இன்னும் சிலரிடம் இருக்கிறது. அந்தக் காலம் 2012 செப்டம்பரோடு முடிந்தது. தரமில்லாமல் வெறும் சொல்லை வைத்து மேலே ஏறிய டொமைன்களைக் குறிவைத்து கூகுள் ஒரு மாற்றம் செய்தது. அமெரிக்க ஆங்கிலத் தேடல்களில் 0.6 சதவீதம் அதில் ஆட்டம் கண்டதாக கூகுள் பொறியாளர் மேட் கட்ஸ் அப்போது சொன்னார். அதேபோல, ஒத்த பெயர்க்காரரின் தளம் வைரஸ் பரப்பியதாலோ மோசடி செய்ததாலோ கூகுள் தரும் தண்டனை உங்களுக்குப் படியாது. தண்டனை டொமைனுக்கு, பெயருக்கு அல்ல. மக்கள் மனதில் படியும் கறை வேறு. அமெரிக்காவில் 'ஐசிஸ்' என்ற எகிப்திய தெய்வத்தின் பெயரில் மொபைல் பணப்பை நடத்தியவர்கள், ஒரு பயங்கரவாத இயக்கத்தையும் உலகம் அதே பெயரால் அழைக்கத் தொடங்கியதால், 2014-இல் சாஃப்ட்கார்டு என்று மாறினார்கள். அதே பெயரில் இருந்த மருந்து நிறுவனம் 2015 டிசம்பரில் அயோனிஸ் ஆனது. அவர்களுக்கு ரேங்க் அல்ல பிரச்சினை.

பம்ப் அண்ணாவுக்குத் திரும்புகிறேன். பெயரை மாற்றச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அவருடைய அப்பா வைத்த பெயர், குலதெய்வத்தின் பெயர். சில மாதம் தன் பெயருக்கே விளம்பரம் போடலாம் என்றேன். "சொந்த ஊட்டுக்கு நானே வாடகை குடுக்கறதுங்களா?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனாலும் சட்டென்று பலன் தருவது அது ஒன்றே, அதனால் கோவை, திருப்பூர் வட்டாரத்துக்கு மட்டும் சின்னத் தொகையில் போட்டோம்.

அதற்குப் பிறகு ஃபேக்டரிக்கே போய்ச் செய்த வேலைதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. வாசல் போர்டில் பெயர் ஆங்கிலத்தில் ஒரு விதமாக எழுதியிருந்தது. ஜிஎஸ்டி சான்றிதழில் நடுவில் ஒரு ஹெச் குறைச்சல். இந்தியாமார்ட் பக்கத்தில் கடைசியில் ஓர் 'ஏ' கூடுதல். மகன் அடித்த விசிட்டிங் கார்டில் நியூமராலஜி பார்த்து இரட்டை எழுத்து. வெப்சைட்டில் நான் வைத்திருந்தது ஐந்தாவது விதம். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. தேடுபொறியைச் சொல்லி என்ன பயன்? நாங்களே ஐந்து பேராக இருந்தோம். சோலார்காரர் எல்லா இடத்திலும் ஒரே ஆளாக நின்றார்.

சான்றிதழில் உள்ளதையே எடுத்துக்கொண்டு, அதன் பின்னால் "பம்ப்ஸ், கோயம்புத்தூர்" என்று சேர்த்து, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஆக்கினோம். முகப்புப் பக்கத்தின் தலைப்பிலும், தேடல் முடிவில் தளத்தின் பெயராக எது வரவேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்லும் குறிப்பிலும் அதுவே. நிறுவனம் எது, எந்த முகவரி, வேறெங்கெல்லாம் இதே ஆள் இருக்கிறார் என்று தேடுபொறிகள் படிக்க 2011-இல் ஸ்கீமா என்று ஒரு பொது வடிவம் வகுத்தார்கள். அதில் வரைபடப் பக்கத்தையும் இந்தியாமார்ட் பக்கத்தையும் கோத்துவிட்டோம். "எங்களைப் பற்றி" பக்கத்தில் சோலார் வியாபாரத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு வரி எழுதினேன். அதை மனிதர்களுக்காகத்தான் எழுதினேன்.

நாலைந்து மாதத்தில் கோவை வட்டாரத்தில் வெறும் பெயருக்கு முதல் பக்கத்தில் திரும்ப வந்துவிட்டோம். மேலே சோலார் அப்படியே இருக்கிறது, இருக்கும். பெயரை அடிக்கத் தொடங்கினால் கீழே வரும் யோசனைகளில் 'பம்ப்ஸ்' சேர்ந்த ஒன்றும் இப்போது தலைகாட்டுகிறது. பில் புக்கைப் புதிதாக அடிக்கச் சொல்லியிருக்கிறேன். பழசு இன்னும் இரண்டு கட்டு மிச்சமிருக்கிறதாம். அது தீரட்டும் என்கிறார்.